டெய்லி வாக்கிங் போறேன், வெயிட் மட்டும் அசைய மாட்டேங்குது

கணக்குப்பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குதான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க. வயசு 39, ஹைட் 158, வெயிட் 76. ஊரு கோயம்புத்தூர். ஒரு மில் ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், காலைல ஒன்பதரைக்கு சேர்ல உக்காந்தா சாயந்தரம் ஆறு மணி வரைக்கும் அதே சேர்தான், நடுவுல டிபன் பாக்ஸ் கழுவ எந்திரிக்கறதுதான் பெரிய நடமாட்டம்.

போன வருஷம் செக்கப்ல சுகர் பார்டர்லைன்னு வந்துச்சு. எங்கம்மாவுக்கும் சுகர், அதனால கொஞ்சம் பயந்துட்டேன். உடனே வாக்கிங் ஆரம்பிச்சேன். காலைல அபார்ட்மென்ட்ல இருக்கற ஒரு அக்காவும் நானும் சேர்ந்து முக்கால் மணி நேரம் நடக்கறோம், மழை பெஞ்சா மட்டும் லீவு. முதல் ரெண்டு மாசத்துல ரெண்டு கிலோ இறங்குச்சு, அதோட சரி. இப்ப ஏழெட்டு மாசமா அந்த முள்ளு அதே எடத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது. வீட்டுக்காரர் வேற "நீ நடந்து நடந்து ரோடுதான் தேயுது"ன்னு கிண்டல் பண்றாரு.

டயட்டுன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க. ஃப்ரெண்டு ஒருத்தி பேச்சக் கேட்டு முன்னாடி ஜூஸ் டயட் இருந்து ஆறு கிலோ குறைச்சேன், கூடவே முடியும் கொட்டுச்சு, நிறுத்துன கொஞ்ச நாள்ல ஆறும் வந்து மேல ஒண்ணு சேந்துக்கிச்சு. எனக்கு அறுபது வயசுலயும் செய்ய முடியற மாதிரி ஏதாச்சும் வேணும். வீட்ல மாமியார், வீட்டுக்காரர், பசங்க ரெண்டு பேரு, எனக்குன்னு தனியா சமைக்கறதெல்லாம் நடக்காது. வாக்கிங்க ஒன்றரை மணி நேரமா ஏத்தணுமா, இல்ல ஜிம்ல சேரணுமா? இப்ப ஏதோ ஊசி வேற வந்துருச்சுங்கறாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

ரேஸ்கோர்ஸ் ரவுண்டு:

வாங்கம்மணி, நம்மூருதானுங்களா. நானு ரிட்டயர் ஆனதுலருந்து ரேஸ்கோர்ஸ்ல டெய்லியும் நடக்கற ஆளுங்க. ஒரு சுத்து ரெண்டரை கிலோமீட்டரு வருமுங்க. அங்க வர்றவங்கள வருசக்கணக்கா பாத்துட்டே இருக்கறதுனால சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க, நெறைய பேரு நடக்கறதில்லீங்க, நடந்துட்டே பேசறாங்க. மருமக கதை, பையனுக்கு பொண்ணு பாக்கற கதை, எடம் வித்த கதை. கதை சூடு புடிக்கறப்ப காலு தானா நின்னுக்கும். அப்பறம் முடிச்சுட்டு நேரா பேக்கரிக்கு, ஒரு டீ, ஒரு தேங்கா பன்னு. நடந்ததுக்கு மேல உள்ள போயிருமுங்க.

நடையோட வேகத்த அளக்க வாட்ச்செல்லாம் வேண்டாமுங்க. நடக்கறப்ப ரெண்டு வார்த்த பேச முடியணும், ஆனா பாட்டு பாட முடியக் கூடாது, மூச்சு வாங்கணும். அதுதான் கணக்கு. எனக்கு டாக்டர் சொன்ன வழி, ஒரு லைட் கம்பத்துலருந்து அடுத்த கம்பம் வரைக்கும் வெரசா, அடுத்தது சாதாரணமா, திரும்ப வெரசா. அந்த அக்காவையும் இதுக்கு இழுத்துருங்க, கதைய கடைசி பத்து நிமிசத்துக்கு ஒத்தி வெச்சுக்கலாம். கூட ஆளிருக்கறத மட்டும் விட்றாதீங்க, தனியா போறவங்கதான் மார்கழி குளுருக்கு மொதல்ல காணாம போறது.

ஒன்றரை மணி நேரமெல்லாம் வேண்டாமுங்க, வேலைக்குப் போற பொம்பளைக்கு எங்க நேரமிருக்குது. ஒரு மாசம் செய்வீங்க, அப்பறம் மொத்தமா நின்னுரும்.

---

சிக்ஸ்பேக் கனவு:

சிஸ்டர் வாக்கிங் எல்லாம் டைம் வேஸ்ட். நைட் சாப்பாட கட் பண்ணுங்க, அரிசி கோதுமை டோட்டலா ஸ்டாப், நான் மூணு மாசத்துல 12 கிலோ எறக்குனேன். ரிசல்ட் வேணும்னா கஷ்டப்படணும், சும்மா ஸ்லோ ஸ்லோன்னு பேசுறவங்க எல்லாம் தொப்பையோடதான் இருக்காங்க.

---

பிசியோ நெல்லை:

@சிக்ஸ்பேக் கனவு தம்பி, மூணு மாசத்துல 12 கிலோ எறக்குனது சரி, அது எப்ப நடந்தது, இப்ப எவ்வளவு இருக்கீங்கன்னு சொல்லலியே. வேகமா எறக்குனா கொழுப்பு மட்டும் போகாது, தசையும் சேந்து போகும், பித்தப்பைல கல்லு வர்ற வாய்ப்பும் கூடும். முதல் வாரம் மூணு கிலோ எறங்கிட்டேன்னு எல்லாரும் குதிக்காங்கல்லா, அதுல பெரும்பகுதி தண்ணி. மாவுச்சத்து நிறுத்துனா ஒடம்புல சேத்து வச்சிருக்கிற கிளைக்கோஜென் கரையும், அது புடிச்சு வச்சிருக்கிற தண்ணியும் கூடப் போயிரும், மறுபடி ரெண்டு நாள் சோறு தின்னா அந்தத் தண்ணி திரும்பி வந்துரும்.

கணக்குப்பிள்ளை மேடம், நான் பிசியோதெரபிஸ்ட், திருநெல்வேலி. உங்க மாதிரி கேஸ் வாரத்துக்கு நாலு பேரு வருவாங்க. நேராவே சொல்லிருதேன், நடை மட்டும் வச்சு எடை எறங்குறது ரொம்பக் கஷ்டம். உங்க எடைக்கு முக்கால் மணி நேரம் நல்லா வேகமா நடந்தாலே ஒரு 200லருந்து 250 கலோரிதான் செலவாகும், அதுலயும் நீங்க சும்மா உக்காந்திருந்தாலே செலவாகிற பங்கு ஒண்ணு இருக்கு. பேசிக்கிட்டே மெதுவா போனா அதுக்கும் கம்மி. ரெண்டு ஸ்பூன் சீனி போட்ட பால் காபி ஒரு டம்ளர் 100 கலோரி, ஒரு கை மிக்சர் 150. அம்புட்டுதான், நடந்தது காலி. எறக்குறது அடுப்படில நடக்கிற வேலை. எறங்குனத புடிச்சு வைக்கிறது, சுகரக் கட்டுக்குள்ள வைக்கிறது, இதுலதான் நடையோட வேலை. ரெண்டையும் குழப்பிக்கிட்டு நடைய வெறுக்க ஆரம்பிச்சிராதிய.

நீங்க நடந்தது வீணாப் போச்சுன்னும் நெனைக்காதிய. சென்னைல டாக்டர் ராமச்சந்திரன் குழு பண்ணின இந்திய நீரிழிவு தடுப்பு ஆய்வுன்னு ஒண்ணு உண்டு, 2006ல வெளியாச்சு. உங்கள மாதிரியே பார்டர்லைன்ல இருந்த 531 பேர எடுத்து, ஒரு குரூப்புக்கு நடை, சாப்பாட்டு மாத்தம் மட்டும் சொல்லிக் கொடுத்து கிட்டத்தட்ட மூணு வருஷம் பாத்தாங்க. வழக்கமான அறிவுரை மட்டும் சொல்லி விட்ட குரூப்ப விட இவங்களுக்கு சுகர் வர்றது 28.5 சதவீதம் கம்மி. இதுல விஷயம் என்னன்னா அவங்க எடை பெருசா எறங்கவே இல்ல. எறங்காமலே பலன் கெடச்சிருக்கு. அதனால உங்க மெஷின் முள்ளு அசையலன்னாலும் உள்ள ஏதோ அசைஞ்சிருக்கும், இந்த மாசம் ஒரு ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட், எடுத்துப் பாத்துருங்க. அப்படியே தைராய்டுக்கு டிஎஸ்ஹெச்சும். பீரியட்ஸ் ஒழுங்கா இல்லன்னா அதையும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

டேப்பு ஒண்ணு வாங்குங்க, தையல்காரர் வச்சிருப்பார்ல அது போதும். தொப்புள் பக்கம் சுத்தி மாசம் ஒரு தடவ அளந்து எழுதி வையுங்க. நம்ம நாட்டுப் பொம்பளையளுக்கு 80 சென்டிமீட்டர், ஆம்பளையளுக்கு 90, இதத் தாண்டுனா யோசிக்கணும். பிஎம்ஐயும், அதான் உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பாக்கிற கணக்கு, நமக்கு 25க்குப் பதிலா 23லயே அலாரம் அடிச்சிரும், ஏன்னா ஆள் ஒல்லியாத் தெரிஞ்சாலும் வயித்துக்குள்ள கொழுப்பு சேர்ற ஒடம்பு நம்மளது.

ஜிம்முக்குப் போகலாமான்னு கேட்டிய. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது, வாரத்துக்கு 150லருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, அதுபோக ரெண்டு நாளாவது தசைக்கு வேலை. நீங்க முதல் பாதிய முடிச்சிட்டிய, ரெண்டாவது பாதிதான் பாக்கி. அதுக்கு ஜிம்மு கட்டாயம் இல்ல. வீட்ல நல்லா கனமான சேர் ஒண்ணு, சுவரு ஒண்ணு. சேர்ல உக்காந்து கையூணாம எந்திரிக்கிறது பத்து தடவ, சுவத்துல கைய வச்சு தண்டால் பத்து, ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டு, கைக்கு ஒண்ணா தூக்கி எறக்குறது பத்து. இத மூணு சுத்து, இருவது நிமிஷத்துல முடிஞ்சிரும். மூட்டு புடிச்சா நிறுத்திட்டு வந்து காட்டுங்க, வலியோட செய்யாதிய. முப்பது வயசுக்கு மேல தசை கொஞ்சம் கொஞ்சமா கரையும், அதப் புடிச்சு நிறுத்துனாத்தான் எறங்குன எடை எறங்குன எடத்துல நிக்கும்.

ஊசி பத்தி: மவுன்ஜாரோ 2025 மார்ச்ல நம்ம நாட்டுக்கு வந்தது, அப்புறம் விகோவி. நல்ல மருந்துதான், தேவைப்படுறவங்களுக்கு டாக்டர் எழுதுவாரு. ஆனா விகோவில இருக்கிற மருந்த நிறுத்துனவங்கள ஒரு வருஷம் தொடர்ந்து பாத்ததுல எறங்குனதுல மூணுல ரெண்டு பங்கு திரும்ப ஏறிருச்சு. பழக்கம் மாறலன்னா எதையும் நிறுத்துன அன்னைக்கு பழைய கதைதான், ஜூஸ் டயட்ல பாத்துட்டியளே.

இப்ப நீங்க ஒண்ணு செய்யணும். ஒரு நாள் முழுக்க வாய்க்குள்ள போற ஒவ்வொண்ணையும் எழுதி இங்க போடுங்க. தட்டுல போட்டுச் சாப்பிட்டது மட்டும் இல்ல, எல்லாம்.

---

கணக்குப்பிள்ளை:

ரொம்ப நன்றி சார், அண்ணா உங்களுக்கும். அந்த அக்காகிட்ட லைட் கம்பம் மேட்டர் சொன்னேன், சிரிச்சுட்டு சரின்னுட்டாங்க.

நேத்து பூரா எழுதுனேன், எழுதறப்பவே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. காலைல வாக்கிங் முடிச்சு வந்து காபி, ரெண்டு ஸ்பூன் சக்கரை, கூட மேரி பிஸ்கட் மூணு. டிபன் இட்லி மூணு, சட்னி. அப்பறம் பசங்க ஸ்கூலுக்குக் கிளம்பறப்ப சின்னவன் பாதி தோசைய வெச்சுட்டு ஓடிட்டான், அத வாயில போட்டுட்டேன். பதினோரு மணிக்கு ஆபீஸ் டீ. மதியம் டிபன் பாக்ஸ்ல சாதம், குழம்பு, பொரியல், பொரியல் கொஞ்சம்தான், அந்த சின்ன டப்பா அளவு. நாலு மணிக்கு டீயோட கூட வேலை பாக்கறவங்க வாங்கிட்டு வந்த பஃப்ஸ்ல பாதி. வீட்டுக்கு வர்ற வழில ஒண்ணும் இல்ல. வந்து காபி, மாமியார் வறுத்து வெச்ச முறுக்கு ரெண்டு. நைட் சப்பாத்தி மூணு, குருமா. எல்லாம் முடிச்சு கிச்சன் ஒதுங்க வைக்கறப்ப குக்கர் அடில ஒரு கரண்டி சாதம் இருந்துச்சு, ஃப்ரிட்ஜ்ல வைக்க எடமில்ல, கொட்ட மனசு வரல, நின்னுட்டே தயிர் ஊத்தி சாப்டேன்.

வாரத்துல ஒரு நாள் சாயந்தரம் பசங்களோட ரோட்டோர காளான் உண்டு, அது நேத்து இல்ல.

இதுல எத விடறது? மாமியார் சமையல்ல எண்ணெய் கையா பிடிச்சுத்தான் ஊத்துவாங்க, அதப் பேசுனா வீட்ல சண்டை வரும். சாதத்துக்குப் பதிலா சாமை, தினைன்னு மாத்திட்டா போதுமா? ஆபீஸ்ல எல்லாரும் அதான் சொல்றாங்க.

---

மதுரை டீச்சர்:

தங்கச்சி, அந்தக் குக்கர் அடி சாதத்தப் படிச்சதும் எந்திரிச்சு உக்காந்துட்டேன். இந்தக் குடும்பத் தலைவிங்க வெயிட்ல பாதி மிச்சச் சோத்துல வந்ததுதேன், எந்த டயட் சார்ட்லயும் இது இருக்காது. ஒரு கரண்டி சாதம், அரை தோசை, பால்ல ஊறுன பிஸ்கட்டு, பசங்க கடிச்சு வச்ச ஆப்பிள்னு நாள் முழுக்க நின்னுக்கிட்டே சாப்பிடுறது ஒரு முழு வேளைச் சாப்பாட்டு அளவுக்கு வந்துரும், ஆனா "நான் என்னத்தச் சாப்பிட்டேன்"னுதான் தோணும் ஏன்னா உக்காந்து சாப்பிடல பாருங்க. எங்க வீட்ல இப்ப ஒரே ஒரு சட்டம்தேன், நின்னுக்கிட்டு வாயில எதையும் போடக் கூடாது. மிச்சம் இருந்தா டப்பால போட்டு காலைல தாளிச்சிருவேன், இல்லாட்டி கீழ்வீட்டு நாய்க்கு. வேஸ்ட்டாப் போகுதேன்னு அழுதா அரை டம்ளர் அரிசி கொறச்சுப் போட்டாத் தீந்துச்சு, தெனமும் மிச்சம் ஆகுதுன்னாலே அளவு கூடன்னுதானே அர்த்தம்.

எண்ணெய்க்கு ஒரு வழி சொல்றேன், மாமியார்கிட்ட ஒரு வார்த்தை பேச வேண்டாம். மாச மளிகை லிஸ்ட் யாரு போடுறது? நீங்கதானே, நீங்க கணக்குக்காரி வேற. ஒரு ஆளுக்கு மாசத்துக்கு அரை லிட்டருக்கு மேல வேண்டாம்னுதான் டாக்டருங்க சொல்றது. உங்க வீட்ல அஞ்சு பேரு, ரெண்டரை லிட்டர் வரணும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சன்ஃபிளவர், நெய்யி எல்லாம் சேத்து. போன மாச பில்ல எடுத்துப் பாருங்க, எங்க வீட்ல மொத தடவ பாத்தப்ப நாலு பேருக்கு அஞ்சு லிட்டர் இருந்துச்சு. உடனே பாதியா வெட்டாதீங்க, சண்டை வந்துரும். மாசா மாசம் ஒரு அரை லிட்டர் பாக்கெட்டு கம்மியா வாங்குங்க, யாருக்கும் தெரியாது. அப்புறம் எண்ணெய் தூக்குல ஒரு சின்னக் கரண்டி போட்டு வையுங்க, தூக்கோட சாய்ச்சு ஊத்துற கை தானா நிக்கும். மேசைக்கரண்டி ஒண்ணு எண்ணெய்னா 120 கலோரி, அஞ்சு பேரு வீட்ல அந்த ஒரு கை ஊத்துறதுலதேன் எல்லாம் கெடக்கு. சக்கரையும் இதே மாதிரி பில்லுல புடிங்க.

சாமை தினை சமாச்சாரம்: நானும் ஒரு காலத்துல சிறுதானியம்னா வெயிட்டு கொறையும்னு எங்க ஸ்டாஃப் ரூம் முழுக்க சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவதேன். பச்சையா 100 கிராம் எடுத்தா அரிசியும் சரி சாமையும் சரி கேழ்வரகும் சரி 320லருந்து 360 கலோரிக்குள்ளதான் வரும். நார்ச்சத்து கூட, அதனால கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கும், சுகருக்கும் தேவல. ஆனா சாமைப் பொங்கல்ல நெய்ய ஊத்தி ரெண்டு தட்டு சாப்பிட்டா அரிசிப் பொங்கல் சாப்பிட்டதுதேன்.

தட்டுல செய்யுறதுக்கு ஒண்ணு. உங்க டிபன் பாக்ஸ மாத்திப் போடுங்க. பெரிய டப்பால பொரியல், கூட்டு, கீரை, சின்ன டப்பால சாதம். வேற ஒண்ணும் செய்ய வேணாம், அதே சமையல், அதே குழம்பு, டப்பாதான் மாறுது. கூட ஒரு முட்டையோ, ஒரு கிண்ணம் சுண்டலோ இருக்கணும், காலைலயும் இட்லிய ரெண்டாக்கி சாம்பார்ல பருப்ப நல்லா போட்டு ஊத்திக்கங்க. புரோட்டீன் இல்லாத வயிறுதேன் நாலு மணிக்கு பஃப்ஸத் தேடுறது. மொத வாரம் பதினோரு மணிக்கே பசிக்கும், அப்ப மோரு, கொய்யாக்கா. பழகிரும்.

காளானை விடாதீங்க. வாரம் ஒருக்க பசங்களோட சாப்பிடுறது என்ன பண்ணிறப் போகுது, தெனமும் வீட்ல நடக்குறதப் பாருங்க.

---

ஓஎம்ஆர் ஆந்தை:

இந்த த்ரெட் எனக்கும் ரொம்ப யூஸ்ஃபுல்லா இருக்கு அதனால என் சைடுலருந்தும் ஒண்ணு சேத்துக்கறேன், யாருமே தூக்கத்த பத்தி பேசல. நான் சென்னைல ஐடி, யுஎஸ் ஷிஃப்ட், சாயந்தரம் போனா விடியக்காலம்தான் வருவேன். 92 கிலோ இருந்தேன் இப்ப 84, ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆச்சு, ஸ்லோதான் ஆனா ஏறல. எனக்கு வெயிட் போட்டது எல்லாமே நைட் ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவுல சாப்ட்டது, தூக்கம் வரும் அத விரட்ட காபி, காபியோட பிரெட் ஆம்லெட், இல்லன்னா எவனாச்சும் ஆப்ல பிரியாணி ஆர்டர் போடுவான் நம்மளும் தலைய குடுக்கறது. தூக்கம் கம்மியானா பசி அதிகமாகும்னு டாக்டர் சொன்னாரு, அதுவும் இனிப்பும் எண்ணெயுமாதான் கேக்கும், என் விஷயத்துல நூத்துக்கு நூறு கரெக்ட்.

நான் பண்ணது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் போன பக்கத்து ரூம்ல வச்சுட்டு ஜன்னலுக்கு கருப்புத் துணி போட்டு ஏழு மணி நேரம் படுக்கறது, வீட்ல சண்டை போட்டுதான் இத வாங்குனேன். ரெண்டு, நைட் சாப்பாட வீட்லருந்தே கொண்டு போயி பத்தரைக்கு சாப்ட்டு முடிச்சுடறது, சாப்ட்டதும் ஆபீஸ் கேம்பஸ்க்குள்ளயே பத்து பதினஞ்சு நிமிஷம் ஒரு சுத்து. சாப்ட்டதும் நடந்தா சுகர் ஏற்றம் கம்மியாகும், எங்க டீம்ல இப்ப நாலு பேர் வர்றாங்க, செக்யூரிட்டி அண்ணன் மொதல்ல சந்தேகமா பாத்தாரு இப்ப அவரும் கொஞ்ச தூரம் கூட வர்றாரு.

பத்தாயிரம் ஸ்டெப்னு வாட்ச்ச பாத்து டென்ஷன் ஆகாதீங்க, அந்த நம்பர் 1965ல ஜப்பான்ல ஒரு ஸ்டெப் எண்ற மெஷின் விக்கறதுக்காக வச்ச பேருலருந்து வந்தது, டாக்டருங்க உக்காந்து முடிவு பண்ணது இல்ல. நான் ஏழாயிரத்துல நிக்கறேன், நல்லாதான் இருக்கேன்.

---

சிக்ஸ்பேக் கனவு:

@பிசியோ நெல்லை சார் உண்மைய சொல்லிடறேன், இப்ப 9 கிலோ திரும்ப ஏறியிருக்கு, கல்யாண சீசன் சார். அந்த சேர் எக்ஸர்சைஸ் பசங்களுக்கும் ஓகேவா இல்ல அது லேடீஸ்க்கு மட்டுமா?

---

பிசியோ நெல்லை:

@சிக்ஸ்பேக் கனவு உங்களுக்கு சேர் எதுக்கு, நம்ம தாத்தா காலத்து தண்டாலும் பஸ்கியும் இருக்குல்லா. பஸ்கி இருவது, தண்டால் பத்துன்னு ஆரம்பிங்க, வாரத்துல மூணு நாள். கல்யாண வீட்டுக்குப் போறத யாரு நிறுத்தச் சொன்னா, பந்தில உக்காந்து சாப்பிடுங்க, பஃபேல ரெண்டாவது ரவுண்டு போகாதிய, மறுநாள் காலைல வழக்கம்போல எந்திரிச்சு நடங்க. ஒரு நாள் கூடப் போச்சுன்னு மொத்தத்தையும் விடுறதுதான் எல்லாரையும் கவுக்குது.

@கணக்குப்பிள்ளை மேடம், டீச்சரம்மா என் வேலைய எல்லாம் முடிச்சிட்டாங்க, நான் கொஞ்சம்தான் சேக்கேன். நீங்க எழுதுனதுல காபி டீ நாலு டம்ளர், அதுல சீனி மட்டும் எட்டு ஸ்பூன், 160 கலோரி. பிஸ்கட், முறுக்கு, அரை பஃப்ஸ், நின்னுக்கிட்டுச் சாப்பிட்ட ரெண்டு ஐட்டம், எல்லாஞ் சேத்தா 500க்கு மேல போயிரும். இத மொத்தமா நிறுத்தணும்னு இல்ல. இந்த மாசம் சீனிய ஒரு ஸ்பூனாக்குங்க, நின்னு சாப்பிடுறத நிறுத்துங்க, இந்த ரெண்டு மட்டும். பஃப்ஸையும் முறுக்கையும் அடுத்த மாசம் பாப்போம். ஒரே நேரத்துல பத்து மாத்தத்தக் கையில எடுத்தா பதினஞ்சாம் நாள் எல்லாம் கீழ விழும்.

எடைய எப்பவும் ஒரே கிழமை, காலைல எந்திரிச்சு ஒண்ணுக்குப் போயிட்டு வந்ததும் பாருங்க. உப்பு கூடுனா, பீரியட்ஸ் நெருங்குனா, ஒண்ணு ஒன்றரை கிலோ சும்மாவே ஏறி எறங்கும், அதப் பாத்து சோர்ந்து போகாதிய. உங்களுக்கு இலக்கு 55 கிலோ எல்லாம் வேண்டாம். 76ல அஞ்சு சதவீதம், நாலு கிலோ, அது எறங்குனாலே சுகர்லயும் பிரஷர்லயும் வித்தியாசம் தெரியும். அதுக்கு ஆறு மாசம் ஆனா ஆகட்டும். நடுவுல ஒரு எடத்துல நிக்கும், ஒடம்பு கொறஞ்சா அது கேக்குற தீனியும் கொறையுமே, அப்ப சாப்பாட்ட இன்னும் வெட்டாம சேர் பயிற்சில ஒரு சுத்து ஏத்துங்க.

---

கணக்குப்பிள்ளை:

டீச்சர் அக்கா, இப்பதான் மளிகை பில்ல தேடி எடுத்தேன். அஞ்சு பேருக்கு ஆறரை லிட்டர் எண்ணெய், நெய் தனி. ஆபீஸ்ல ஒரு ரூபா இடிச்சாலும் கண்டுபுடிக்கற எனக்கு இது எப்படி கண்ணுல படாம போச்சுன்னு தெரியல. வீட்டுக்காரர்கிட்ட காட்டுனேன், கிண்டல் நின்னுடுச்சு, அவருக்கும் போன மாசம் கொலஸ்ட்ரால் ஏறி இருக்கு, அதனால வாயத் திறக்கல.

டிபன் பாக்ஸ் டப்பா இன்னைக்கே மாத்திட்டேன். பெரிய டப்பால பீன்ஸ் பொரியல், சின்னதுல சாதம். ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்க "என்ன, சாதம் மறந்துட்டு வந்துட்டீங்களா"ன்னு கேட்டாங்க. சேர்ல எந்திரிக்கறது ஈசின்னு நெனச்சேன், ஏழாவதுலயே தொடை நடுங்குது.

பிசியோ சார், ஒண்ணே ஒண்ணு. மாமியாரும் வாக்கிங் வரேங்கறாங்க, வயசு 66, முழங்கால் தேய்மானம் இருக்கு, படி ஏறுனா வலிக்குதும்பாங்க. கூட்டிட்டுப் போலாமா?

---

பிசியோ நெல்லை:

தாராளமா. சமதரையில, பத்து நிமிஷத்துல ஆரம்பிச்சு, குதிகால் கிழியாத நல்ல ஷூ போட்டு, செருப்பு வேண்டாம். முதல் மாசம் உங்க வேகத்துக்கு இழுக்காதிய, நீங்க கம்பத்துக்கு கம்பம் போயிட்டு வாங்க, அவங்க ஒரு பெஞ்சுலருந்து அடுத்த பெஞ்சு வரைக்கும் போகட்டும். அதுக்கு முன்னாடி சேர்ல உக்காந்து காலை நேரா நீட்டி அஞ்சு எண்ற வரைக்கும் புடிச்சு எறக்குறது, ஒரு காலுக்கு பத்து, காலைலயும் சாயந்தரமும். தொடை தசை வலுத்தா மூட்டுல பாரம் கொறையும். வீக்கம் வந்தாலோ, ராத்திரி வலியில தூக்கம் கெட்டாலோ நிறுத்திட்டு எலும்பு டாக்டர்கிட்ட காட்டிருங்க.

---

ரேஸ்கோர்ஸ் ரவுண்டு:

மாமியாரக் கூட்டிட்டு ரேஸ்கோர்ஸ் பக்கமே வந்துருங்கம்மணி, உக்கார எடமெல்லாம் நெறைய போட்டிருக்கறாங்க. ஞாயித்துக்கெழமை மட்டும் ஆறு மணிக்கு முன்னாடியே வந்துருங்க, அப்பறம் வண்டி நிறுத்த எடமிருக்காதுங்க.